தாரா, ஜிம்னியா? கடைக்காரர் கணக்கில் இரண்டு ஜீப்புகள்

தீபாவளி முடிந்து பட்டாசுப் பணம் ஊருக்குத் திரும்பத் தொடங்கியதும் நாரணாபுரம், சிவகாசி பக்கம் புது வண்டிகள் இறங்குவது ஆண்டுதோறும் நாம் காண்பதுதான். சில வருடங்களாக அவற்றில் ஜீப் உருவம் கொண்டவை அதிகமாகி வருகின்றன. பலசரக்குக் கடை அன்பர்கள் பலர், "அண்ணாச்சி, பையன் தார் வேணும்ங்கான். மாப்பிள்ளை ஜிம்னிதான் நல்லதுங்காரு. எதை எடுக்க?" என்று நம்மிடம் கேட்கின்றனர். கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பத்தில் இரண்டும் ஓடுகின்றன. 2021ல் எடுத்த டீசல் தார், ஃபோர்வீல் டிரைவ் உள்ளது, நம் வீட்டில் நிற்கிறது. 2023 கடைசியில் எடுத்த ஜிம்னி தம்பி வீட்டில் நிற்கிறது. மண்டி ஒன்றுதான் என்பதால் எந்தச் சாவி கைக்கு வருகிறதோ அந்த வண்டியில் வசூலுக்கும் கொள்முதலுக்கும் போய் வருகிறோம். அந்த அனுபவத்தையும், வாங்கும்போது வரும் வரிக் கணக்கையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

ஜீப் என்றாலே நம் தலைமுறைக்கு மஹிந்திராதான். அந்தக் கம்பெனி 1945 அக்டோபர் 2ஆம் தேதி இரும்பு வியாபாரக் கம்பெனியாகத் தொடங்கியது என்பது பலருக்குத் தெரிந்திராது. மஹிந்திரா சகோதரர்கள் இருவரோடு மாலிக் குலாம் முகமது என்பவரும் பங்குதாரர். கம்பெனியின் பெயரும் மஹிந்திரா அண்டு முகமது. தேசப் பிரிவினையின்போது அவர் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948ல் பெயர்ப்பலகையில் முகமது போய் இன்னொரு மஹிந்திரா வந்தது. பங்குதாரர் பிரிந்தால் பலகை மாறுவது நம் தொழிலிலும் உள்ளதுதானே! பிறகு அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கினர். கமாண்டர், மார்ஷல் என்று கிராமத்துக் கல்யாணக் கூட்டத்தையே ஏற்றிக்கொண்டு ஓடியவை அவர்கள் வண்டிகளே. அந்த வம்சத்தில் 2010ல் வந்தது முதல் தார். இப்போது பேசப்படும் தார் 2020 அக்டோபர் 2 அன்று, கம்பெனியின் பிறந்த நாளிலேயே, வெளியானது.

ஜிம்னி ஜப்பான் சுசூகியின் பிள்ளை. அங்கே 1970 முதல் அந்தப் பெயர் ஓடுகிறது. நம் நாட்டில் 1985ல் மாருதி கொண்டுவந்த ஜிப்சியும் அதே குடும்பம்தான். போலீசாரும் ராணுவத்தாரும் நெடுநாள் வைத்திருந்த வண்டி அது. ஐந்து கதவு வைத்த ஜிம்னி 2023 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்தது.

இரண்டின் நீளமும் ஒன்றே, 3985 மில்லிமீட்டர். இது தற்செயலாக அமைந்ததல்ல. நாலு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் கம்பெனிகள் பதினைந்து மில்லிமீட்டர் உள்ளே நிறுத்திக்கொள்கின்றன. 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பாக்கெட் அரிசிக்கு ஐந்து சதவீத வரி என்றதும் ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கவில்லையா, அதே கதைதான்.

அகலத்தில்தான் வித்தியாசம் தெரிகிறது. தார் 1820 மில்லிமீட்டர், ஜிம்னி 1645. ஏழு அங்குலம் குறைவு. பஜாரில் ஓட்டுகிறவருக்கு இந்த ஏழு அங்குலம் பெரிய விஷயம். ஒரு பக்கம் குட்டி யானையில் எண்ணெய் டின் இறங்கிக்கொண்டிருக்கும், மறுபக்கம் தள்ளுவண்டி நிற்கும். அந்த இடுக்கில் ஜிம்னி நுழைந்துவிடும். தாரில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு, கடைப் பையன் முன்னால் நடந்து கை காட்ட வேண்டியிருக்கும். ஜிம்னியின் நாலு பக்கமும் நேர்க்கோடாக இருப்பதால் மூலை எங்கே முடிகிறது என்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறது. அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு அது பெரிய உதவி.

பின் சீட்டு விஷயத்தை ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நம் தாருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவுதான். பின்னால் ஏற வேண்டுமானால் முன் சீட்டை மடக்கி, படியில் கால் வைத்து, குனிந்து நுழைய வேண்டும். பேரப்பிள்ளைகள் அணில் மாதிரி ஏறிவிடுகிறார்கள். வீட்டு அம்மா பட்டுச் சேலையோடு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, "இனி இது உங்க வண்டி, எனக்கு ஆட்டோ போதும்" என்று சொல்லிவிட்டார்கள். ஜிம்னியில் பின்னாலும் கதவு இருப்பதால் அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் அதிலும் நாலு பேருக்குத்தான் இடம். பின் சீட்டை மடக்காமல் வைத்தால் சாமான் இடம் 208 லிட்டர். அதாவது இரண்டு சிப்பம், மேலே ஒரு பை. தாரில் பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதுவும் கிடையாது. தார் ராக்ஸ் என்று ஐந்து கதவு வண்டி 2024 ஆகஸ்ட் 15ல் வந்து இந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் அது நாலு மீட்டரைத் தாண்டியது. விலையும் வேறு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஃபோர்வீல் டிரைவ் நம் தொழிலுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மார்கழியில் பின்மழை பிடித்த மறுநாள் சாத்தூருக்குக் கிழக்கே, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டுக்குள் போய்ப் பார்த்தால் அவர்களுக்கே விளங்கும். உளுந்தும் பாசிப்பயறும் களத்தில் கிடக்கும். நனைந்தது எவ்வளவு, தப்பியது எவ்வளவு என்று கையில் அள்ளிப் பார்க்காமல் போனில் விலை பேசினால் சரக்கு மண்டிக்கு வந்தபின் தரகரோடு வாக்குவாதம்தான். அன்றைக்கு அங்கே போய்ச் சேருகிற வியாபாரிக்குத்தான் நல்ல சரக்கு கிடைக்கும்.

கரிசல் மண்ணில் உள்ள களி, தண்ணீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். மழைக்குப் பின் அதில் செருப்போடு நடந்தவருக்குத் தெரியும், பத்தடி போவதற்குள் செருப்பு ஒவ்வொன்றும் இரண்டு கிலோ ஆகிவிடும். வண்டிக்கும் அதேதான். டயர் பட்டன்களுக்கு நடுவே களி அடைத்துக்கொண்டால் டயர் மொழுமொழுவென்று ஆகி, எந்தச் சக்கரமும் பிடிக்காது. நம் தாரின் டயர் அகலம் 255 மில்லிமீட்டர், ஜிம்னியுடையது 195. தாரின் எடை ஜிம்னியைவிட ஐந்து குவிண்டாலுக்கு மேல் கூடுதல். ஒரே நாளில் இரண்டையும் ஒரே வண்டித்தடத்தில் கொண்டுபோனோம். ஜிம்னி லேசான வண்டி, ஒல்லி டயர். மேல் சேற்றைக் கீறிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைத் தேடிப் பிடித்துப் போனது. தாரில் லோ கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டோம். டீசல் எஞ்சினின் இழுவையிலேயே சேற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தது. தடத்தின் நடுவே மேடு உயர்ந்த இடத்தில் தாரின் 226 மில்லிமீட்டர் உயரம் கைகொடுத்தது. ஜிம்னிக்கு 210 என்பதால் அந்த இடத்தில் ஓரமாக ஏற்றிப் போக வேண்டியிருந்தது. களத்தில் நின்ற டிராக்டர்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சின்னது எறும்பு மாதிரி வருது மொதலாளி, பெருசு எருமை மாதிரி வருது. ரெண்டும் வந்து சேந்துருச்சு." நம் தீர்ப்பும் அதுவே.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டிலும் உள்ளது தேவைப்படும்போது மட்டும் போடுகிற ஃபோர்வீல். காய்ந்த தார் ரோட்டில் போட்டுக்கொண்டு திரும்பக் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை என்பதால் உள்ளே உள்ள பற்சக்கரங்கள் இறுகும். செலவு வைத்துவிடும். தாருக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்வது நிற்கும் தண்ணீருக்குச் சரி. தரைப்பாலத்தின்மேல் ஓடும் தண்ணீருக்கு அந்தக் கணக்கு எடுபடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது தாமிரபரணிக் கரை பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். சரக்கு போனால் மறுபடி பிடிக்கலாம். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் எந்த ஜீப்பாக இருந்தாலும் இந்தப் பக்கமே நிற்க வேண்டும்.

நான்குவழிச் சாலையிலும் மலையிலும் தார்தான் முந்தும். நம் வண்டியின் 2.2 லிட்டர் டீசல் 130 குதிரைத் திறன் கொண்டது. அதன் முழு இழுவை 300 நியூட்டன் மீட்டர், அதுவும் 1600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. ஜிம்னியின் ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்கு 134தான். அதற்கும் 4000 சுற்று வரை முறுக்க வேண்டும். ஏலக்காய் பார்க்கப் போடிக்குப் போய், அப்படியே போடிமெட்டு ஏறும்போது இது நன்றாகத் தெரியும். கொண்டை ஊசி வளைவில் தார் மூன்றாவது கியரில் போகும் இடத்தில் ஜிம்னிக்கு இரண்டாவது போட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். மதுரை ரோட்டில் எண்பதில் போனால் ஜிம்னியில் சுகமாகப் பேசிக்கொண்டு போகலாம். நூறைத் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். இரண்டுமே குலுக்கும். ஆனால் குலுக்கும் விதம் வேறு. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக அச்சு என்பதால் குண்டும் குழியுமான ரோட்டில் பக்கவாட்டில் ஆடும். தாரில் முன் சக்கரங்கள் தனித்தனியே அசைவதால் முன்னால் இருப்பவருக்குத் தேவலாம். பின்னால் இருப்பவர் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

எண்ணெய்ச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் சிட்டையின்படி தார் லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கொடுக்கிறது. ஜிம்னி பதினான்கு. 2025ல் டீசல் பெட்ரோலைவிட லிட்டருக்கு எட்டு ரூபாய் அளவில் மலிவு. கணக்குப் போட்டால் இரண்டிலும் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல், எட்டுக்குள். ஆனால் வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து பேங்க் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் டீசல் எடுக்க வேண்டாம். இன்றைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. அவ்வப்போது நீண்ட தூரம் ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். பஜாருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. தாருக்கு 2020ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் கிடைத்தது. ஜிம்னியில் எல்லா மாடலிலும் ஆறு காற்றுப்பைகள். நம் தாரில் முன்னால் இரண்டு மட்டுமே.

இனி விலை. ஜிம்னி 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் தொடங்கி 15.05 லட்சம் வரை ஷோரூம் விலை. அந்த ஆண்டு மார்ச்சிலேயே மஹிந்திரா ஒரு லட்சமாவது புதிய தாரை வெளியே அனுப்பிவிட்டது. ஜிம்னி அந்த வேகத்தில் நகரவில்லை. சரக்கு தேங்கினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? ஆறு மாதம் ஆவதற்குள், நவம்பர் கடைசியில், ‘தண்டர்’ என்று பெயர் வைத்து 10.74 லட்சத்திலிருந்து விற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், இதே ஐந்து கதவு ஜிம்னியை இந்தியாவில் செய்து 2025 ஜனவரி கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வைத்தபோது சில நாட்களில் 50 ஆயிரம் ஆர்டர் குவிந்து, புக்கிங்கையே நிறுத்திவைத்தார்கள். இங்கே தேங்கிய சரக்குக்கு அங்கே வரிசை! ஆகவே ஜிம்னி எடுக்கும் அன்பர்கள் ஆண்டுக் கடைசியில், ஸ்டாக் கழிக்கும் நேரம் பார்த்துப் பேசினால் நல்லது.

வரியில்தான் நம் அன்பர்கள் பலர் குழம்புகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. நாலு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் 1200 சி.சி.க்குள்ளும் டீசல் 1500 சி.சி.க்குள்ளும் இருந்தால் 18 சதவீதம். மீறினால் 40. ஜிம்னியின் பெட்ரோல் எஞ்சின் 1462 சி.சி. என்பதால் 40. தாரின் 2184 சி.சி. டீசலுக்கும் 40. ஆனால் 2023 ஜனவரியில் வந்த சின்ன டீசல் தார் 1497 சி.சி.! அதற்கு 18தான். இதைக் கேட்டதும் பலர் அங்கே ஓடுகிறார்கள். அதில் பின் சக்கரம் மட்டுமே இழுக்கும், ஃபோர்வீல் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு ஓடட்டும். உருவம் ஜீப், கரிசலில் அது மற்ற கார்களைப் போலத்தான். அதேசமயம் நம் சிட்டையைப் புரட்டினால் ஆண்டுக்கு ஃபோர்வீல் போட்ட நாட்கள் பன்னிரண்டைத் தாண்டவில்லை. காட்டுக் கொள்முதல் இல்லாத சில்லறைக் கடைக்காரருக்கு அதுவும் இருக்காது. அவர் ஃபோர்வீலுக்கென்று தனியாகச் சில லட்சம் கொடுப்பது பையனின் ஆசைக்கு என்று தெரிந்தே கொடுக்க வேண்டும்.

நம் மாநில சாலை வரி 2023 நவம்பரில் உயர்ந்தது. ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18. பத்து லட்சக் கோட்டைத் தாண்டும் இடத்தைப் பாருங்கள். 9.99 லட்சம் வண்டிக்கு 1,29,870 ரூபாய். 10.50 லட்சம் வண்டிக்கு 1,89,000. விலை 51 ஆயிரம் கூடினால் சாலை வரி 59 ஆயிரம் கூடுகிறது. பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் வருமான வரி முன்பிடித்தமும் உண்டு. அது ரிட்டர்னில் கழித்துக்கொள்ளக் கூடியது. கணக்கப்பிள்ளை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைப் பெயரில் எடுத்தால் கட்டிய ஜி.எஸ்.டி.யை வரவு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நம்புகிறார்கள். முடியாது. டிரைவரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் வரை ஏறும் பயணிகள் வண்டிக்கு, வாடகை ஓட்டம் போன்ற சில தொழில்களைத் தவிர, உள்ளீட்டு வரி வரவு சட்டத்தில் தடுக்கப்பட்டுள்ளது. அதன் சர்வீஸ், இன்சூரன்சுக்கும் அதே தடை. தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம் எழுதலாம். சொந்த உபயோகப் பங்கைக் கழிக்க வேண்டும். இதில் இன்னொரு முடிச்சு உண்டு. 16 லட்சத்துக்கு எடுத்து ஐந்தொகையில் ஏற்றி, மூன்று வருடம் தேய்மானம் எழுதினால் ஏட்டு மதிப்பு 9,82,600 ஆகும். தாருக்குப் பழைய வண்டிச் சந்தையில் மவுசு உண்டு. 11.50 லட்சத்துக்குப் போகிறது என்று வையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் வித்தியாசமான 1,67,400க்கு 18 சதவீதம், அதாவது 30,132 ரூபாய் வரி கட்ட வேண்டும். 2025 ஜனவரி முதல் எல்லா வகைப் பழைய வண்டிக்கும் இதே 18தான். கடைக் கணக்கில் ஏற்றாமல் சொந்தப் பணத்தில் சொந்தப் பெயரில் எடுத்தவருக்கு இந்த வரி இல்லை. தேய்மானமும் இல்லை. எது லாபம் என்பதை அவரவர் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பார்ப்பதே சரி.

சரக்கு ஏற்றத்தான் வண்டி என்றால் இரண்டுமே வேண்டாம். குட்டி யானையோ பொலேரோ பிக்கப்போ எடுத்தால் 2025 செப்டம்பர் முதல் வரி 18தான். அதையும் முறையாகப் பதிவு உள்ளவர் வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவருக்கு அந்த வரவும் கிடையாது.

நம் யோசனை என்னவென்றால், காட்டுக் கொள்முதலும் மலை ஓட்டமும் உள்ள மொத்த வியாபாரிக்கு டீசல் ஃபோர்வீல் தார். பஜாருக்குள் கடை, வீட்டில் பெரியவர்கள், எப்போதாவது மண் ரோடு என்றால் ஜிம்னி. ஷோரூமுக்குப் பையனை மட்டும் அனுப்பாமல் வீட்டு அம்மாவையும் அழைத்துப் போய்ப் பின் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு ஷோரூமில், பெயர் வேண்டாம், இன்சூரன்ஸ் எங்களிடமே போட்டால்தான் வண்டி சீக்கிரம் வரும் என்றார்கள். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. வெளியே விசாரித்தபோது நமக்கு நல்ல தொகை குறைந்தது.

கரிசலில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. போய் வந்த அன்று இரவே, ஈரம் காய்வதற்குள், மட்கார்டு உட்புறமும் பிரேக் பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும்.